வாசலில் சிமெண்டு, கூடத்தில் தண்ணீர்!

விழுப்புரம், திண்டிவனம் பக்கம் புது வீடு கட்டுகிறவர்கள் வாசலில் ஒரு சாண் மண்ணைக்கூட விட்டுவைப்பதில்லை. படிக்கட்டு முதல் காம்பவுண்டு சுவர் வரை சிமெண்டு, அல்லது பேவர் பிளாக். சேறு இல்லை, பெருக்குவது சுலபம். சரிதான். மழைத் தண்ணீர் எங்கே போகும்?

2024 நவம்பர் 30-ந்தேதி இரவு பெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது, மயிலத்தில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. திண்டிவனத்தில் கிடங்கல் ஏரி நிரம்பி வழிந்தது. அந்த வெள்ளத்துக்கு எந்த வாசலும் ஈடு கொடுக்காது. ஆனால் சாதாரண ஐப்பசி மழைக்கே கூடம் நனைகிறதே, அது யார் தப்பு?

வாட்டம் தப்பு! தளம் சுவரில் இருந்து தெருப்பக்கம் சரிய வேண்டும். அடிக்குக் கால் அங்குலம் போதும். தளம் இறுகியதும் நாலு வாளி தண்ணீரை ஊற்றிப் பார்த்துவிட்டு மேஸ்திரிக்குப் பாக்கிக் கூலியைக் கொடுங்கள். கொடுத்த பிறகு ஆளைப் பிடிக்க முடியாது!

வாட்டம் வீட்டுப் பக்கம் விழுந்துவிட்டதா? பேவர் கல் என்றால் பெயர்த்து, அடிமணலைச் சரிசெய்து, திரும்பப் பதிக்கலாம். சிமெண்டு என்றால் வாசற்படிக்கு முன்னால் குறுக்கே வெட்டி, கம்பிச் சட்டம் போட்ட சிறு வாய்க்கால் அமைத்து, மழைநீர் சேகரிப்புக் குழிக்குத் திருப்பலாம். 2003-லேயே கட்டாயமாக்கப்பட்ட குழிதான். அதன் மேலேயே பேவர் பதித்து மூடிய புத்திசாலிகளும் உண்டு!

தெருவே வாசலைவிட உயர்ந்துவிட்டால் வீட்டுக்காரர் என்ன செய்வார்? பழைய ரோட்டைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புது ரோடு போட வேண்டும் என்று 2021-ல் தலைமைச் செயலாளராக இருந்த இறையன்பு உத்தரவிட்டார். அடுத்த தடவை தார் லாரி தெருவுக்குள் வரும்போது, "சுரண்டினீங்களா?" என்று தெருக்காரர்கள் மறித்துக் கேட்கட்டும்.