மே மாதத்துக் காவிரி

தஞ்சாவூருக்குக் குடிபெயர்ந்துவிட்டோம் என்றதும் இலக்கிய நண்பர்கள் அனைவரும் ஒரே அறிவுரையைத்தான் வழங்கினார்கள்: ‘கோடை முழுக்கப் பிள்ளையை ஆற்றில் விடுங்கள்.’

எந்த ஆற்றில்? மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12இல் திறந்து ஜனவரி 28இல் மூடப்படுவது. (2022இல் மே 24 அன்றே திறந்தது அபூர்வம்.) இடைப்பட்ட மாதங்களில் வடவாறும் புது ஆறும் பெரும்பாலும் காய்ந்தே கிடக்கும். உளுந்து பறித்த வயலில் வெடிப்புதான் மிச்சம். மூன்று வயதுக் குழந்தைக்குக் காட்ட வெயில் இருக்கிறது, தாராளமாக.

ஆனால் என் சண்டை தண்ணீரைப் பற்றியதல்ல. தி. ஜானகிராமனைப் படித்துவிட்டுப் பாட்டி வீட்டுக் கோடையை நனவிடை தோய்கிறவர்கள், அந்த வீட்டில் பேரப்பிள்ளைகளாக மட்டுமே இருந்தவர்கள். பத்துப் பிள்ளைகளுக்கு மூன்று வேளையும் அடுப்படியில் வெந்தவளும், வடாம் பிழிந்து காக்கை விரட்டியவளும் அக்கட்டுரைகளில் மணமாக மட்டுமே வருகிறார்கள். இன்று பாட்டியும் இல்லை, திண்ணையும் இல்லை. இரண்டறை வாடகை வீடு, பிரிக்காத அட்டைப்பெட்டிகள், பள்ளி திறக்கும்வரை நாளெல்லாம் காலைச் சுற்றும் குழந்தை. இதைச் சொன்னால் ‘இதில் என்ன இலக்கியம்?’ என்கிறார்கள்.

காய்ந்த ஆற்றைப் பற்றி நானூறு பக்கம் எழுதலாமாம்.