உள்ளங்கைச் சீனி

பல்லாண்டுகாலப் பத்திரிகைப் பணி தந்தவற்றுள் இரண்டு இன்றும் என்னுடன் இருக்கின்றன. ஒன்று, எதையும் எழுதிவைக்கும் பழக்கம். மற்றது நீரிழிவு. இரவுப் பணியில் சீனி கூடிய தேநீரும் மிக்சர் பொட்டலமுமே எங்களுக்கு உணவாக இருந்தன.

அண்மையில் பதுளைக்குச் சென்றிருந்தேன். பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றின் லயத்தில் வாழும் உறவுக்காரப் பெண் சாயத் தேநீர் தந்து, என் உள்ளங்கையில் ஒரு கரண்டி சீனியும் வைத்தாள். சீனியை நக்கியபடி தேநீர் பருகுவது அங்கே பழைய வழக்கம். நான் தயங்கியதைக் கண்டு, "ஒரு நாளைக்கு ஒண்ணும் செய்யாது சித்தப்பா" என்றாள். அவளுக்கும் நீரிழிவு உண்டு என்பதைப் பிறகுதான் அறிந்தேன்.

அவளுடைய ஒரு நாளைக் கேட்டு எழுதிக்கொண்டேன். விடிகாலையில் கோதுமை ரொட்டியும் தேநீரும். பிறகு கூடையுடன் மலையேற்றம். பத்து மணிக்கு மறுபடியும் இனிப்புத் தேநீர். பகலுணவு அவசர அவசரமாக. மாலையில் கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டுத் திரும்பும்போது, முறுக்கோ மிக்சரோ வாங்காமல் கடையைத் தாண்டக் கால் வராதாம்.

நாளொன்றுக்கு ஐந்து கோப்பை, கோப்பைக்கு இரண்டு தேக்கரண்டி என்றால், தேநீரில் மட்டும் ஏறத்தாழ 40 கிராம் சீனி. 25 கிராமுக்குள் இருப்பதே நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். உப்புக்கு அது வகுத்த எல்லை 5 கிராம். இலங்கையில் குளிர்பானப் போத்தல்களில் சீனியின் அளவை நிறத்தால் காட்டும் விதி 2016 இல் வந்தது. தேநீர்க் கோப்பைக்கு யார் நிறம் காட்டுவது?

"வாயைக் கட்டு" என்று உபதேசிப்பது எளிது. ஆனால் இது நாவின் குற்றம் மட்டுமன்று. சீனியிட்ட தேநீர் பிரித்தானியத் தொழிலாளரின் வயிற்றுக்கு எவ்வாறு மலிவான உணவாயிற்று என்பதை மானிடவியலாளர் சிட்னி மின்ட்ஸ் 1985 இல் வெளிவந்த தம் நூலில் விளக்கினார். அந்தத் தேயிலையைப் பறித்தவர்களின் கதையும் வேறன்று. இன்று ஊவா மாகாணத்தில் பதுளைப் பக்கம் தேயிலை விளைகிறது. மொனராகலைப் பக்கம் பெல்வத்தையிலும் செவனகலையிலும் கரும்பு விளைகிறது. இரண்டும் கைக்கெட்டும் தூரத்தில் உள்ளன. பருப்பும் முட்டையும்தான் எட்டுவதில்லை.

என் அனுபவத்தில் பயன் தந்தவை சில. சீனியை ஒரேயடியாக நிறுத்தாமல், இரு வாரத்துக்கு அரைக் கரண்டியாகக் குறைத்தேன், நாக்கு பழகிக்கொண்டது. மிக்சரைப் பொட்டலத்திலிருந்து உண்ணாமல் சிறு தட்டில் எடுத்து உண்டேன். எல்லாவற்றுக்கும் மேலாக, ஆசை எழும் நேரத்துக்கு முன்பே அவித்த கடலையோ கௌபியோ சாப்பிட்டேன். பசி அடங்கினால் ஆசையில் பாதி அடங்கிவிடுகிறது. இரத்தச்சோகை உள்ள பெண்கள் உணவோடு தேநீர் அருந்தாமலிருப்பது நல்லது. உணவிலுள்ள இரும்புச்சத்து உடலில் சேர்வதை அது குறைக்கிறது.

நகரத்தில் இருக்கும் எனக்கு இது கைகூடியது. மலையில் நிற்பவளுக்குப் பத்து மணிக்குக் கடலை எங்கே கிடைக்கும்? தோட்ட நிர்வாகங்கள் தேநீர் இடைவேளையில் ஒரு கைப்பிடி அவித்த கடலை வழங்கலாம். சுகாதாரச் சொற்பொழிவுகளைவிட அது அதிகம் பயன்படும் என்பதே என் துணிபு.

அன்று சீனியில் பாதியைக் கிண்ணத்திலேயே திருப்பிக் கொட்டினேன். "நீயும் பாதி" என்றேன். சிரித்தாளேயொழிய, சரி என்று சொல்லவில்லை.