குழந்தையின் இரத்தம் யாருடைய உடைமை?

பிறந்த குழந்தையின் குதிகாலில் குத்தி எடுக்கும் சில துளி இரத்தத்தைப் பரிசோதனை முடிந்தபின் என்ன செய்வது? அழித்துவிடுவதா, பிற்காலத்து உபயோகத்துக்காகச் சேமித்து வைப்பதா? சேமிப்பதானால் யாருடைய பொறுப்பில், எத்தனை காலம் வைப்பது? மேலெழுந்தவாரியாகப் பார்ப்போருக்கு இது வைத்தியசாலைக்குள் அடங்கிய சிறு விஷயமாகத் தோன்றலாம். உண்மையில் இது பிரஜைகளின் உரிமையைத் தொட்ட கேள்வி. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் நடந்தவற்றை ஊன்றிக் கவனித்தால் இது விளங்கும்.

1960-களின் தொடக்கத்தில் ராபர்ட் கத்ரி என்னும் அமெரிக்க விஞ்ஞானி, குழந்தைகளின் அறிவு வளர்ச்சியைக் குலைக்கும் பீனைல்கீட்டோனூரியா என்ற பிறவிக் கோளாறைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்றை வகுத்தார். தடித்த வடிதாள் அட்டையில் குழந்தையின் இரத்தத்தை ஊறவிட்டு, உலர்த்தி, பரிசோதனைச் சாலைக்கு அனுப்புவதே அவ்வழி. குழாயும் பனிக்கட்டியும் வேண்டியதில்லை. தபாலில் அனுப்பினாலே போதும். அட்டையின் ஒரு வட்டத்தில் ஊறும் இரத்தம் சுமார் 50 முதல் 75 மைக்ரோலிட்டர். பரிசோதனைக்கு வேண்டுவதோ 3 மில்லிமீட்டர் அகலமுள்ள சிறு வில்லைகள் சில. ஆகையால் அட்டையில் எப்போதும் மிச்சம் இருக்கும். அந்த மிச்சமே இன்றைய விவாதத்தின் பொருள்.

மிச்சத்தைச் சேமிப்பதால் என்ன நன்மை? வைரஸ் நோய் ஒன்றை உதாரணமாகக் கொள்வோம். சைட்டோமெகலோ வைரஸ் தாயின் வயிற்றிலேயே சிசுவைத் தொற்றக் கூடியது. அமெரிக்காவில் பிறக்கும் குழந்தைகளில் சுமார் 200-க்கு ஒன்று இத்தொற்றுடன் பிறப்பதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். அவற்றில் பெரும்பாலானவை பிறக்கும்போது யாதொரு குறையும் இல்லாதவை போலவே காணப்படும். ஆயினும் ஏறக்குறைய ஐந்தில் ஒரு குழந்தைக்குச் செவிட்டுத்தன்மை முதலிய நீடித்த குறைகள் ஏற்படுகின்றன. சில குழந்தைகளுக்குக் காது கேளாமை மாதங்கள், வருஷங்கள் கழிந்த பிறகே வெளிப்படும். இத்தொற்று கருவிலேயே வந்ததென்று நிச்சயிக்க, பிறந்த மூன்று வாரங்களுக்குள் சிறுநீரையோ உமிழ்நீரையோ சோதித்திருக்க வேண்டும். அதன் பின் சோதித்தால், பிறந்த பிறகு தாய்ப்பால் வாயிலாகவோ வேறு விதமாகவோ வந்த தொற்றிலிருந்து அதைப் பிரித்தறிய இயலாது. மூன்று வயதுக் குழந்தைக்குக் காது கேட்கவில்லை என்று அழைத்துவரும் தாய்க்கு வைத்தியர் என்ன பதில் சொல்வார்? பிறந்த ஓரிரு நாட்களில் எடுத்த அட்டை பத்திரமாக இருந்தால் அவருக்குப் பதில் கிடைக்கும். 1990-களிலிருந்து இவ்வகையில் பழைய அட்டைகளைச் சோதித்து உண்மை கண்டுவருகிறார்கள். காரணம் தெரிந்தால் வீண் சோதனைகள் குறையும். மற்றக் காதையும் விடாது கண்காணிக்க வேண்டுமென்பது விளங்கும். தன் மேல் பழி சுமத்திக்கொண்டு வருந்தும் தாயின் மனமும் ஆறும்.

இம்முறை குறையற்றதென்று நாம் சொல்லவில்லை. அட்டையில் உள்ள இரத்தம் அற்பம். 2010-இல் அமெரிக்காவில் வெளியான ஆராய்ச்சி ஒன்றில், தொற்றுள்ள குழந்தைகளில் சுமார் மூன்றில் ஒரு பங்கினரையே அட்டைச் சோதனை காட்டிக்கொடுத்தது. முறைகள் திருந்திய பின் 2021-இல் வெளியான மற்றோர் ஆராய்ச்சியில் அது நான்கில் மூன்று பங்கை நெருங்கியது. ஆகவே அட்டையில் வைரஸ் அகப்பட்டால் அது வலிய சாட்சி. அகப்படாவிட்டால் தொற்றே இல்லையென்று சாதிக்க முடியாது. காப்பதிலும் கவனம் வேண்டும். அட்டையை வெயிலில் காட்டாமல் பல மணி நேரம் உலர்த்தி, ஈரம் புகாத பையில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்துடன் இட்டு, நெடுங்காலம் வைப்பதானால் உறைகுளிரில் வைக்க வேண்டும். டென்மார்க் தேசத்தார் 1982 முதல் தங்கள் குழந்தைகளின் அட்டைகளை இவ்வாறே பூஜ்யத்துக்குக் கீழ் 20 டிகிரிக் குளிரில் பாதுகாத்து வருகிறார்கள்.

நன்மை இவ்வளவு இருந்தும், சேமித்த அட்டைகளை லட்சக்கணக்கில் அழிக்க நேர்ந்த கதையும் உண்டு. அமெரிக்காவின் டெக்ஸாஸ் ராஜ்யத்தில் 2002 முதல் பெற்றோரின் சம்மதம் கேளாமலே அட்டைகளைச் சேமித்து, ஆராய்ச்சிகளுக்கும் கொடுத்து வந்தார்கள். 2009-இல் பெற்றோர் சிலர் வழக்குத் தொடுத்தனர். முடிவில் 50 லட்சத்துக்கு மேற்பட்ட அட்டைகளை அழிக்கச் சர்க்கார் ஒப்புக்கொண்டது. அவற்றிலிருந்து சுமார் 800 மாதிரிகள் ராணுவப் பரிசோதனைச் சாலை ஒன்றுக்குப் போயிருந்த செய்தி அதன் பிறகே வெளியாயிற்று. மின்னஸோட்டாவிலும் 2011-இல் மேல் நீதிமன்றம் பெற்றோர் பக்கம் தீர்ப்பளிக்க, சுமார் 11 லட்சம் அட்டைகள் அழிந்தன. நியூ ஜெர்ஸியில் போலீஸார் பழைய குற்றம் ஒன்றில் தந்தையைப் பிடிப்பதற்காக, குழந்தையின் அட்டையைச் சுகாதார இலாகாவிடமிருந்து பெற்ற செய்தி 2022-இல் அம்பலமாயிற்று.

"குற்றவாளியைப் பிடிக்க உதவினால் அதில் என்ன தவறு?" என்று சிலர் கேட்கலாம். ஸ்வீடன் தேசத்தின் அனுபவம் இதற்கு விடையளிக்கிறது. 2003-இல் அந்நாட்டின் வெளிநாட்டு மந்திரி அன்னா லிண்ட் கொலையுண்டபோது, சந்தேகிக்கப்பட்டவனின் குழந்தைப் பருவ அட்டையைப் போலீஸார் பெற்றனர். சுகாதாரத்துக்காக மக்கள் ஒப்படைத்த பொருள் அவர்களைக் கேளாமலே வேறு காரியத்துக்குப் போயிற்று. அடுத்த ஆண்டு ஆசியக் கடற்கரைகளில் சுனாமியில் ஸ்வீடன் மக்கள் ஐந்நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அப்போது உடல்களை அடையாளம் காண, சட்டசபையே கூடி, குறித்த காலத்துக்கு மட்டும் அட்டைகளை உபயோகிக்கச் சட்டம் இயற்றியது. இரண்டு காரியங்களும் நல்ல நோக்கமுடையவையே. ஆயினும் முன்னது மறைவில் நடந்தது. பின்னது பிரதிநிதிகள் அறிய, எல்லை வகுத்து நடந்தது. ஜனநாயகத்துக்கு உகந்தது எது என்று நாம் சொல்லவேண்டியதில்லை. போலீஸார் எடுத்துப் போவார்கள் என்ற அச்சம் ஒருமுறை பரவிவிட்டால், நாளை தாய்மார் குழந்தையின் குதிகாலையே நீட்ட மாட்டார்கள். அப்போது குற்றவாளியும் அகப்பட மாட்டான், நோயும் அகப்படாது.

சட்டத்தைச் சீர்படுத்தினால் நம்பிக்கை திரும்பும் என்பதற்கும் சாட்சி உண்டு. அட்டைகளை அழித்த அதே மின்னஸோட்டா, விரும்பாத பெற்றோர் விலகிக்கொள்ள இடமளித்துச் சட்டத்தைத் திருத்தியது. அமெரிக்க ராஜ்யங்களுள் எல்லாக் குழந்தைகளையும் சைட்டோமெகலோ வைரஸுக்காகச் சோதிக்க முதன்முதல் முன்வந்ததும் அதுவே. 2023 பிப்ரவரியில் அச்சோதனை தொடங்கிற்று; சோதிப்பது அதே உலர்ந்த துளியைத்தான்.

நம் தேசத்துக்கும் இவ்வட்டை புதிதன்று. எச்.ஐ.வி. தொற்றுள்ள தாய்மாரின் குழந்தைகளை ஆறு வார வயதில் சோதிக்க 2010 முதல் இதையே உபயோகித்து வருகிறார்கள். தாயின் எதிர்ப்பொருள்கள் குழந்தையின் உடலில் பதினெட்டு மாதம் வரையில் தங்கக்கூடுமாதலால், வைரஸையே நேரில் தேடவேண்டியிருக்கிறது. சோதனைக்குச் சம்மதம் பெறுவதையும் இரகசியம் காப்பதையும் 2017-ஆம் வருஷத்து எச்.ஐ.வி. சட்டம் பொது விதியாக்கியிருக்கிறது. அந்த நியாயம் ஒரு நோயோடு நின்றுவிடலாகாது. சேமித்து வைக்கும் ஒவ்வொரு துளிக்கும் அது பொருந்த வேண்டும்.

ஆகையால் நாம் வற்புறுத்துவன இவை: சோதனைக்குப் பெறும் சம்மதம் வேறு, சேமிப்புக்குப் பெறும் சம்மதம் வேறு என்று கொள்ள வேண்டும், பின்னதைத் தாய்மொழியில் விளக்கித் தனியே கேட்க வேண்டும். எத்தனை வருஷம் வைப்பது, எவ்வெவற்றுக்கு உபயோகிப்பது என்பவற்றைச் சட்டத்திலேயே எழுத வேண்டும். குழந்தைக்கு நோய் என்று சந்தேகம் வந்தால் அட்டையைச் சோதிக்கும்படி கேட்கவும், வேண்டாமென்றால் அழிக்கும்படி கேட்கவும் பெற்றோருக்கு உரிமை வேண்டும். சட்டசபை வெளிப்படையாக அனுமதித்தாலன்றிப் போலீஸார் அதைத் தொடலாகாது. இவ்வேற்பாடுகளைச் செய்துவிட்டுச் சேமிப்பைத் தொடங்குவதே முறை. சேமித்துவிட்டுச் சட்டத்தைத் தேடினால் டெக்ஸாஸின் கதியே நேரும். அட்டையைக் காப்பது வைத்தியரின் கடமையாக இருக்கலாம். அதன் சொந்தக்காரர், பேசத் தெரியாத அக்குழந்தையே. அதன் சார்பில் பேசவேண்டிய பொறுப்பு நம் பிரதிநிதிகளுடையது.