அம்பாளின் முகம் தெரியட்டும்

திருகோணமலைத் துறைமுக நகரின் தேர்த்திருவிழாக்களை நேரலையில் காட்டுவோர் சிலர் ‘1080பி’ என்று பெருமை பேசுகின்றனர். ஊர் திரும்ப இயலாத மூதாட்டி கனடாவில் காண்பதோ அம்பாளின் முகத்தையன்று, சதுரக் கட்டங்களை!

கைப்பேசி இணையம் தாங்கும் 2 மெகாபிட்டுக்குள் 1080பி-யைத் திணிப்பதே தவறு. அதற்கு 720பி-யைவிட 2.25 மடங்கு புள்ளிகள். கிராபிக்ஸ் அட்டையின் என்கோடர் விரைவானது. பொறுமையாக இயங்கும் மென்பொருள் என்கோடரின் சிக்கனம் அதற்கு இல்லை. கடலலை, கற்பூரப் புகை, சனத்திரள் மூன்றும் அதைத் திணறடிக்கும்.

ஆகவே 720பி-க்கு இறங்குங்கள். வினாடிக்கு 25 பிரேம் போதும். வேகத்தை விட்டுத் தரத்துக்குரிய அமைப்பைத் தெரிவுசெய்து, பி-பிரேம்களை இயக்குங்கள். கமராவிலேயே உயர்தரப் பிரதியொன்றைத் தனியே பதியுங்கள். நாளைய ஆவணம் அதுவே.

எண்ணா பெரிது, முகமா?