கேஸ்கட்டை மாத்துங்க, பைக்கை மாத்தாதீங்க

போன மாசம் கள்ளக்குறிச்சியிலிருந்து சித்தி பையன் கூப்பிட்டான். "அண்ணா, பைக்ல ஆயில் ஒழுகுது. எக்சேஞ்ச்ல குடுத்துட்டு புதுசு எடுத்துடவா? ஒரு லட்சம் லோன், இஎம்ஐ 3,528 தான்."

அந்த "தான்"ல தான் எனக்குப் பிரச்சினை. 9% வட்டின்னு சொல்லியிருக்காங்க, ஆனா ஃபிளாட் ரேட். 3 வருஷத்துக்கு 27,000 ரூபாய் வட்டி. நீங்க மாசாமாசம் அசலை அடைச்சிட்டே வந்தாலும், வட்டி மட்டும் முழு லட்சத்துக்கும் போடுவாங்க. குறையும் அசலுக்குக் கணக்குப் போட்டா இது சுமார் 16% வட்டி!

சரி, பைக்குக்கு என்ன ஆச்சு? அவன் தினமும் கச்சிராயபாளையம் வழியா கல்வராயன் மலை ஏறி வெள்ளிமலை போறவன். ஒரு வளைவுல சாய்ஞ்சு, கிளட்ச் கவர்ல விரிசல். கவரும் கேஸ்கட்டும் மாத்தணும், அவ்வளவுதான். ஆயில், கூலி எல்லாம் சேர்த்து 3,000 ரூபாய்க்குள்ள முடிஞ்சது. ஒரு மாச இஎம்ஐ கூட இல்லை.

"இருக்கட்டும், அப்புறம் பாத்துக்கலாம்"னு விடுறதும் தப்புதான். இந்த மாதிரி வண்டியில இருக்கிறதே சுமார் ஒரு லிட்டர் ஆயில். லோ கியர்ல மலை ஏறும்போது ஆயில் குறைஞ்சா பிஸ்டன் பிடிச்சுக்கும். அப்புறம் என்ஜின் வேலை, பல ஆயிரம். ஆயில் இல்லாம ஓட்டி என்ஜின் போனா சாதாரண இன்சூரன்ஸ் பாலிசியில கிளெய்மும் கிடைக்காது. ஒழுகுற ஆயில் பின் டயர்ல பட்டா என்ன ஆகும்னு மலை ரோட்ல ஓட்டுறவங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

"ஜிஎஸ்டி குறைஞ்சிருக்கே அண்ணா"ன்னான். உண்மைதான், 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரைக்கும் 28% இருந்தது 18% ஆச்சு. ஸ்பேர் பார்ட்ஸுக்கும் இப்போ அதே 18% தான் தம்பி!

கடையில பக்கத்துலயே நில்லுங்க. பழைய கேஸ்கட்டை ஸ்க்ரூடிரைவரால நோண்டினா அலுமினியத்துல கோடு விழும், மறுபடி ஒழுகும். போல்ட்டெல்லாம் ஒரே நீளம் இருக்காது, எது எங்கேயிருந்து கழண்டதோ அங்கேயே போகணும். எதிரெதிரா, கொஞ்சம் கொஞ்சமா டைட் பண்ணச் சொல்லுங்க. எம்சீல் பூசிடலாம்னா வேண்டாம்னுடுங்க.

ரெண்டு நாள் கழிச்சு, ராத்திரி வண்டி நிக்கிற இடத்துல ஒரு பழைய பேப்பரை விரிச்சு வைங்க. காலையில சொட்டு இருந்தா, பில்லோட அதே கடைக்குத் திரும்பப் போங்க.