வீட்டுக் கருவிகள்: பழைய பலகையும் புதிய வேகமும்

இத்திங்கள் நமக்கு வந்த கடிதங்களுள் ஒன்று, பல இல்லங்களுக்கும் பொதுவான வினா ஒன்றை எழுப்புகிறது. 2012-ஆம் ஆண்டில் அலுவலக வேலைக்கும் வீட்டுக் கணக்குக்குமாக வாங்கிய மேசைக் கணினி ஒன்று அந்த அன்பரிடம் உள்ளது. இப்பொழுது பத்தாம் வகுப்புப் படிக்கும் மகள் அதில் பாடம் பயில்கிறாள். பொத்தானை அழுத்திவிட்டு அடுப்பில் பாலை வைத்தால், பால் பொங்கிய பின்னரே கணினி கண் விழிக்கிறதாம். கடைக்காரர், "எடைக்குப் போட்டுவிட்டுப் புதிது வாங்குங்கள்" என்கிறார். அண்டை வீட்டு இளைஞரோ, "நொடிக்கு 3,500 மெகாபைட் படிக்கும் எஸ்.எஸ்.டி. ஒன்றை மாட்டினால் பறக்கும்" என்கிறார். யார் சொல்லைக் கேட்பது என்பது அன்பரின் வினா.

இருவரும் பாதி உண்மையே கூறுகின்றனர் என்பது நம் விடை. அக்கணினி எடைக்குப் போகும் நிலையில் இல்லை. எனினும், 3,500 என்னும் எண் அப்பழைய மதர்போர்டில் கிட்டாது. இல்லத்து வேலைகளுக்கு அது கிட்ட வேண்டிய தேவையும் இல்லை. காரணத்தைச் சிறிது விரித்துரைப்போம்.

பழைய கணினி மந்தமாவதற்குப் பெரும்பாலும் முதற் காரணம் சுழலும் வட்டாகிய ஹார்டு டிஸ்க்கே ஆகும். நிமிடத்திற்கு 7,200 முறை சுழலும் வட்டுக்கு, ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிநொடி வேண்டும். தேடும் இடம் படிக்கும் முனைக்குக் கீழே வந்து சேரச் சராசரியாக அரைச் சுற்று, அதாவது 4.2 மில்லிநொடி ஆகிறது. முனை ஓரிடம் விட்டு ஓரிடம் நகர ஏறத்தாழ 9 மில்லிநொடி. ஆக, ஒரு சிறு துண்டை எடுக்க 13 மில்லிநொடி கழிகிறது. நொடிக்கு 75 துண்டுகள் எடுத்தாலே பெரிது. கணினி விழித்தெழும்போதும், ஒரு செயலியைத் திறக்கும்போதும் தேடப்படுவன பெரும்பாலும் சிதறிக் கிடக்கும் சிறு துண்டுகளே. துண்டொன்று 4 கிலோபைட் எனக் கொண்டால், நொடிக்குக் கிடைப்பது 300 கிலோபைட்டே ஆகும். பால் பொங்குவதில் வியப்பென்ன?

எஸ்.எஸ்.டி.யில் சுழல்வதும் இல்லை, நகர்வதும் இல்லை. சாதாரண சாட்டா எஸ்.எஸ்.டி. ஒரு துண்டை ஏறத்தாழ 0.1 மில்லிநொடியில் எடுத்துத் தருகிறது. எனவே நொடிக்கு 10,000 துண்டுகள், அதாவது 40 மெகாபைட் கிடைக்கும். இது நூறு மடங்குக்கும் மேலான உயர்வு. அதனினும் விரைவான என்.வி.எம்.இ. வகை, இதே வேலையில் ஏறத்தாழ 60 மெகாபைட் தரலாம். முதற் பாய்ச்சல் நூறு மடங்கு. இரண்டாவது ஒன்றரை மடங்கு. கைக்கும் கண்ணுக்கும் புலப்படுவது முதலாவதே. பெட்டியின்மேல் பொறித்துள்ள 3,500 என்பதோ, பெரிய கோப்பு ஒன்றை வரிசையாகப் படிக்கும் வேகம். கலியாண வீடியோக்களைத் தொகுப்பவர்க்கு அது பயன்படும். கணக்கும் பாடமும் எழுதுவோர்க்கு அதனால் விளையும் பயன் சிறிது.

இனிப் பாதையின் அகலத்தைக் காண்போம். அன்பரின் கணினியில் உள்ளது எச்61 சிப்செட் கொண்ட மதர்போர்டு. அச்சிப்செட்டின் சாட்டா வாயில்கள் நொடிக்கு 3 கிகாபிட் வகையின. கணக்கின்படி 300 மெகாபைட்டும், நடைமுறையில் 270 அல்லது 280-உம் அவற்றின் எல்லை. மேற்கூறிய 40 மெகாபைட் வேலைக்கு அதுவே மிகுதி. என்.வி.எம்.இ. வகைக்கு உரிய எம்.2 ஸ்லாட் அதில் இல்லை. சிறு அடாப்டர் அட்டை ஒன்றின் மூலம், கிராபிக்ஸ் கார்டுக்கு உரிய நீண்ட பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் ஸ்லாட்டில் அதனைப் பொருத்தலாம். இரண்டாம் தலைமுறைப் பாதையில் தடம் ஒன்றுக்கு 500 மெகாபைட் வீதம், நான்கு தடங்களுக்கு 2,000 மெகாபைட் செல்லும். மூன்றாம் தலைமுறையிலேதான் தடம் ஒன்றுக்கு ஏறத்தாழ 985 ஆகி, 3,500 என்பதற்கு இடம் உண்டாகிறது. அட்டையைச் சிறிய ஒற்றைத் தட ஸ்லாட்டில் செருகினால் எல்லை 500-ஆகச் சுருங்கிவிடும். ஒற்றையடிப் பாதையில் தேர் ஓடாது என்பதை நினைவிற் கொள்க.

இதனினும் பெரிய தடை ஒன்று உண்டு. என்.வி.எம்.இ. முறையின் முதல் வரையறை வெளிவந்தது 2011-இல். அக்காலத்து மதர்போர்டுகளின் பயாஸ் பெரும்பாலும் அதனை அறியாது. பொருத்திய எஸ்.எஸ்.டி. இயங்குதளத்திற்குள் தெரியும், ஆனால் அதிலிருந்து கணினி துவங்காது. துவக்கப் பகுதியைச் சாட்டா வட்டிலோ, பென் டிரைவிலோ வைத்து இதனைக் கடப்பவர் உளர். பயாஸையே திருத்தி எழுதுவோரும் உளர். நடுவில் மின்சாரம் நின்றால் மதர்போர்டே பயனற்றுப் போகக் கூடுமாதலால், இல்லத்தார்க்கு இதனை நாம் பரிந்துரைக்க மாட்டோம்.

ஆகவே அன்பருக்கு நாம் கூறுவது, இரண்டரை அங்குலச் சாட்டா எஸ்.எஸ்.டி. ஒன்று போதும் என்பதே. டில்லி நேரு பிளேசிலோ, மும்பை லேமிங்டன் சாலையிலோ, பெங்களூர் எஸ்.பி. சாலையிலோ, எங்கு வாங்கினும் ரசீதும் உத்தரவாதமும் பெற்று வாங்குக. பின்னாளில் புதிய கணினிக்கு மாற்றும் எண்ணத்துடன் என்.வி.எம்.இ. வாங்குவோர், எம்.2 வடிவில் சாட்டா வகையும் உண்டு என்பதை மறவாதிருக்க வேண்டும். தோற்றத்தில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும், என்.வி.எம்.இ.க்கு உரிய அடாப்டரில் சாட்டா வகை இயங்காது.

ஸ்குரூ டிரைவரை எடுக்கும் முன் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. பழைய வட்டில் உள்ளவற்றை வேறோர் இடத்தில் பிரதி எடுத்து, அப்பிரதி திறக்கிறதா என்றும் பார்த்துவிடுக. ஊரை விட்டு வந்து வாழும் நம்மவர்க்கு அவ்வட்டு வெறும் இயந்திர உறுப்பு அன்று. இன்று நம்மோடு இல்லாத பாட்டியின் குரல், விற்றுப்போன பூர்விக வீட்டின் படம், குழந்தையின் முதல் நடை ஆகியவை அதில் இருக்கக் கூடும். கணினி போனால் வேறு வாங்கலாம். இவற்றை எந்தக் கடையிலும் வாங்க முடியாது.

பிறகு மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு, கேபினெட்டின் உலோகத்தைத் தொட்டு உடலின் நிலைமின்சாரத்தை நீக்குக. வட இந்தியக் குளிர்காலத்து வறண்ட காற்றில் இது மிகவும் வேண்டும். டேட்டா கேபிளும் பவர் கேபிளும் ஒரு புறமாகவே செருகும் வடிவுடையன. வலிந்து அழுத்த வேண்டா. பயாஸில் சாட்டா முறை ஏ.எச்.சி.ஐ. என இருப்பது நன்று. புதிய எஸ்.எஸ்.டி.யில் இயங்குதளத்தை நிறுவும் வரை பழைய வட்டைக் கழற்றி வைத்தால், தவறான வட்டை அழித்துவிடும் அபாயம் இராது.

இயங்குதளத்தைப் பற்றியும் ஒரு சொல். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. விண்டோஸ் 11-இன் அதிகாரபூர்வ நிபந்தனைகளுக்குள் 2012-ஆம் ஆண்டின் கணினி அடங்காது. லினக்ஸ் மின்ட், உபுண்டு போன்றவை இலவசம். தமிழில் எழுதும் வசதியும் அவற்றில் உண்டு. மாணவியின் பாடத்திற்கு அவை போதும்.

இறுதியாக அளவீடு. மாற்றுவதற்கு முன்னும் பின்னும், ஒரே முறையில், ஒரே அளவில் அளந்தாலன்றி ஒப்பீடு பொருளற்றது. விண்டோஸில் கிரிஸ்டல்டிஸ்க்மார்க் என்னும் இலவசச் செயலி உண்டு, லினக்ஸில் எஃப்.ஐ.ஓ. உண்டு. முதல் வரியில் தோன்றும் பெரிய எண்ணைக் கண்டு மகிழ்வதற்கு முன், 4 கிலோபைட் துண்டுகளை ஒவ்வொன்றாகப் படிக்கும் வரியைப் பாருங்கள். இல்லத்து வேகம் அங்கேதான் இருக்கிறது. எழுதும் வேகத்தை 1 கிகாபைட் கோப்பால் மட்டும் அளந்தால் ஏமாற நேரும். பல எஸ்.எஸ்.டி.கள் தம் விரைவுப் பகுதி நிரம்பும் வரை வேகமாக எழுதி, பின்னர்த் தளர்ந்துவிடும். என்.வி.எம்.இ. பொருத்தியவர்கள், கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ செயலியில் எத்தனை தடங்கள், எத்தலைமுறை என்பதையும் பார்க்கலாம். இவற்றோடு, சுவர்க் கடிகாரத்தையும் ஓர் அளவுகோலாகக் கொள்க. பொத்தானை அழுத்தியது முதல் பாடக் கோப்புத் திறக்கும் வரை எத்தனை நொடி என்று முன்னும் பின்னும் குறித்து வையுங்கள். வரவு செலவுப் புத்தகத்தில் எழுதத்தக்க எண் அதுவே.

கழற்றிய பழைய ஹார்டு டிஸ்க் குறையின்றி இருந்தால் எறிய வேண்டா. பெட்டியிலேயே இரண்டாவதாக மாட்டி, படங்களுக்கும் பிரதிகளுக்கும் களஞ்சியமாக்கலாம். எஸ்.எஸ்.டி.யும் ஒருநாள் பழுதாகும் பொருளே. பெரும்பாலும் முன்னறிவிப்பின்றியே பழுதாகும். ஆதலின், அரிய கோப்புகள் ஒரே பெட்டிக்குள் மட்டும் இராமல், வெளியே வேறோரிடத்திலும் இருத்தல் வேண்டும். புதிய கணினிக்கென ஒதுக்கிய தொகையில் பெரும்பகுதி இவ்வகையில் மிஞ்சும். அது மகளின் மேற்படிப்புக்கு ஆகுமன்றோ?