குதுப்மினாரில் ஏன் ஏற விடுவதில்லை?

டெல்லிக்குப் போனால் குதுப்மினாரைப் பார்க்காமல் யாரும் திரும்புவதில்லை. சுமார் 73 மீட்டர் உயரம், 379 படிகள். ஆனால், கதவு பூட்டியே இருக்கும். ‘இவ்வளவு தூரம் வந்தும் ஏற முடியலையே’ என்று குழந்தைகள் சிணுங்குவார்கள்.

காரணம், 1981 டிசம்பர் 4. அன்று நூற்றுக்கணக்கானோர் உள்ளே இருந்தபோது கரன்ட் போய்விட்டது. குறுகலான சுழல் படிக்கட்டு, கும்மிருட்டு. பயந்துபோய் எல்லோரும் ஒரே நேரத்தில் இறங்க முண்டியடித்ததில் 45 பேர் இறந்தார்கள். அவர்களில் பலர் சுற்றுலா வந்த பள்ளிப் பிள்ளைகள். அதன்பிறகு பொதுமக்களை மேலே விடுவதில்லை.

அதே வளாகத்தில் இருக்கிறது, சுமார் 1,600 ஆண்டுகள் பழமையான இரும்புத் தூண். வெயிலிலும் மழையிலும் நின்றும் பெரிதாகத் துருப்பிடிக்கவில்லை. தூணில் முதுகைச் சாய்த்து, கைகளைப் பின்னால் கோத்துவிட்டால் நினைத்தது நடக்கும் என்று அந்தக் காலத்தில் கூட்டம் மொய்க்கும். கை பட்டே தூண் தேய்ந்ததால் 1997-ல் வேலி போட்டுவிட்டார்கள்.

அடுத்த முறை போகும்போது, ‘பூட்டியிருக்கு, வா போகலாம்’ என்று பிள்ளைகளை இழுத்துவராதீர்கள். அங்கேயே நின்று காரணத்தைச் சொல்லுங்கள். கோயிலோ ரயில் நிலையமோ, கூட்டம் நிறைந்த படிக்கட்டில் முண்டியடிக்கக் கூடாது என்பது அவர்கள் மனதில் பதியும்.